ஒருவன் தலையில் ஒரு பேரரசின் பழி

வரலாற்றை மக்கள் முதலில் அறிவது வரலாற்று நூல்களில் அன்று. கூத்தும் கதையும் பாட்டும் திரையுமே எக்காலத்தும் அவர்களுக்கு முதல் ஆசான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. அந்த முதல் ஆசானிடமே படிப்பு முடிந்துபோகும்போதுதான் கேடு தொடங்குகிறது. ஒரு நாட்டை வீழ்த்திய கொள்கைகளும் அமைப்புகளும் கண்ணுக்கு மறைந்து, ஒற்றை மனிதனின் முகம் மட்டும் நினைவில் எஞ்சுகிறது. அந்த முகத்தை வெறுத்தோ வியந்தோ முடித்துவிட்டு, தீர்ப்பு வழங்கியாயிற்று என்று எல்லாரும் கலைந்து போகின்றனர். ஜார் ஆட்சியின் இறுதி ஆண்டுகளோடு பின்னிக் கிடக்கும் கிரிகோரி ரஸ்புடின் என்னும் பெயருக்கு நேர்ந்தது இதுவே.

'போனி எம்' இசைக்குழுவின் 'ரஸ்புடின்' பாட்டு 1978இல் வெளிவந்தது. மேற்கு ஜெர்மனியின் இசைத் தயாரிப்பாளர் பிராங்க் பேரியன் அமைத்த குழு அது. மேடையேறிய நால்வரும் கரீபியத் தீவுகளில் பிறந்தவர்கள். ரஷ்யாவோடு உறவேதும் இல்லாத அவர்கள் வழியாக அப்பெயர் உலகைச் சுற்றி வந்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தையும், பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் பாட்டு எட்டியது. 2021இல் அதன் புதுக்கலவை ஒன்று வெளியாகி, குறுங்காணொளிகள் வழியே இன்னொரு தலைமுறையையும் ஆட வைத்தது. 1917இல் என்ன நடந்தது என்று கேள்விப்பட்டிராத பதின்பருவத்தினருக்கும் ரஸ்புடின் என்றால் யாரென்று தெரியும். அவர்கள் அறிந்தது என்ன, அறியாமல் விட்டது என்ன என்று கணக்குப் பார்ப்பது நம் கடமை.

பாட்டின்படி, ரஸ்புடின் பேரரசியின் காதலர், பெண்களை மயக்கியவர், அரசைத் தம் கைக்குள் போட்டுக்கொண்டவர், நஞ்சுக்கும் அசையாமல், கடைசியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். நோயுற்ற மகனை அவர் காப்பார் என்று பேரரசி நம்பினார் என்பதையும் பாட்டு போகிற போக்கில் சொல்லத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு அதன் நேர்மையை ஒப்புக்கொள்வோம். எனினும் அதன் உயிர்நாடி காதலிலும் கொலையிலும் இருக்கிறது. காதலுக்கோ சான்று இல்லை. பேரரசி அலெக்சாண்ட்ரா தம் கணவருக்கு எழுதிய மடல்கள் புரட்சிக்குப் பின் அச்சேறின. அவற்றைப் படிப்போர் காண்பது, சமயப் பற்றால் கண் மறைக்கப்பட்ட ஒரு தாயை. கள்ளக்காதல் கதை தலைநகரின் விருந்து மண்டபங்களிலும் தெருக்களிலும் அன்றே உலவிய வதந்தி. ஜார் வீழ்ந்த பின் ஆபாசக் கேலிப்படங்களாக விற்கப்பட்ட அவதூறு. அறுபது ஆண்டு கழித்து அந்த அவதூறுக்கு மெட்டும் தாளமும் வாய்த்தன.

உண்மையில் அவர் யார்? 1869இல் மேற்குச் சைபீரியாவின் பொக்ரோவ்ஸ்கோயே என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தவர். மணம் புரிந்து மக்களைப் பெற்றவர். 'பித்துத் துறவி' என்று உலகம் அவரை அழைத்தாலும் அவர் துறவியும் அல்லர், திருச்சபையில் பதவி வகித்தவரும் அல்லர். மடங்கள்தோறும் நடந்தே சென்று வழிபட்டுத் திரிந்த நாட்டுப்புற அடியார்களின் மரபில் வந்தவர். 1905 நவம்பரில் மன்னர் இரண்டாம் நிக்கலசையும் பேரரசியையும் முதன்முதலாகச் சந்தித்தார். அவரைத் தூயவர் என்று வாதாட நாம் வரவில்லை. அவருடைய குடியும் ஒழுக்கக்கேடும் ஊரறிந்தவை. அவரால் இழிவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் உண்டு. அரண்மனைச் செல்வாக்கைக் காட்டி, பதவி தேடி வருவோர்க்கெல்லாம் அமைச்சர்களுக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆயினும் எழுதப் படிக்கத் தடுமாறிய அந்த உழவருக்கு ஒரு பேரரசின் உள்ளறை எப்படித் திறந்தது? கண்களின் வசியத்தால் என்கிறது பாட்டு. ஒரு குழந்தையின் குருதியால் என்கிறது வரலாறு.

நான்கு பெண்மக்களுக்குப் பின் 1904 ஆகஸ்டில் பிறந்த ஒரே ஆண்மகவு அலெக்சி. பிரிட்டனின் விக்டோரியா அரசியின் பேத்தியான அலெக்சாண்ட்ரா வழியே, ஹீமோபிலியா என்னும் குருதி உறையாமை நோய் அக்குழந்தையை அடைந்தது. யெக்கத்தரின்பர்க் அருகே கிடைத்த அரச குடும்பத்தாரின் எலும்புகளை ஆராய்ந்த மரபணு வல்லுநர்கள், அது அந்நோயின் 'பி' வகை என்று 2009இல் உறுதிப்படுத்தினர். அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. கால் இடறினாலும் கை மோதினாலும் மூட்டுக்குள் குருதி கசிந்து வீங்கும். வலி நாள்கணக்கில் நீடிக்கும். உலகின் ஆறில் ஒரு பங்கு நிலத்தை ஆண்ட பெற்றோர், தம் மகனின் ஒரு துளிக் குருதியை உறைய வைக்க வழியின்றிக் கட்டிலருகே அமர்ந்திருந்தனர்.

1912இன் இலையுதிர்காலத்தில், அன்று ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்தின் ஸ்பாவா வேட்டை மாளிகையில் நடந்தது எல்லாவற்றையும் விளக்கிவிடும். எட்டு வயதுச் சிறுவனுக்குப் படகில் ஏறும்போது அடிபட்டது. பின்னர் வண்டிப் பயணத்தின் குலுக்கலில் உட்கசிவு மீண்டது. தொடையும் இடுப்பும் வீங்கின, காய்ச்சல் ஏறியது, அலறல் மாளிகையெங்கும் கேட்டது. மருத்துவர்கள் கைவிரித்தனர். இறுதித் திருவருட்சாதனமும் வழங்கப்பட்டது. பேரரசியின் வேண்டுகோள் சைபீரியாவுக்குத் தந்தியாகச் சென்றது. இறைவன் உன் கண்ணீரைக் கண்டான், சிறுவன் சாக மாட்டான், மருத்துவர்கள் அவனை மிகவும் தொல்லைப்படுத்த வேண்டாம் என்ற பொருளில் ரஸ்புடினின் மறுமொழி வந்தது. அடுத்து வந்த நாள்களில் கசிவு நின்றது. தானே அடங்க வேண்டிய கசிவு அடங்கியது என்பர் சிலர். தாயின் பதற்றம் தணிந்ததும் மருத்துவக் கைகள் விலகியதும் உதவியிருக்கலாம் என்பர் சிலர். காரணம் எதுவாயினும், மகனின் உயிரை அந்தத் தந்தி மீட்டது என்று அன்று ஒரு தாய் நம்பினார். பின்னர் எந்த அமைச்சரின் எச்சரிக்கையாலும் அந்த நம்பிக்கையை அசைக்க இயலவில்லை.

இதுவரை இது ஒரு குடும்பத்தின் துயரம். அதை நாட்டின் பேரழிவாக மாற்றியது எது? முடியாட்சியின் கமுக்கம். பட்டத்து இளவரசருக்குத் தீராநோய் என்ற உண்மை மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. ஸ்பாவாவிலிருந்து வெளியான மருத்துவ அறிக்கைகளும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு முரட்டு உழவர் ஏன் அரண்மனைக்குப் போய் வருகிறார் என்று மக்கள் கேட்டபோது, சொல்லத்தக்க விடை ஒன்று இருந்தும் அதைச் சொல்ல அரசுக்கு மனமில்லை. அவரைப் பற்றி எழுதிய செய்தித்தாள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. உண்மைக்குத் தாழ்ப்பாள் போட்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்பும். காதற்கதையைக் கட்டிவிட்டோர் வம்பளப்போர். அதற்கு இடம் ஒழித்துத் தந்தது அரசே.

போர் வந்தபோது நிலைமை முற்றியது. 1914 ஜூலையில் சொந்த ஊரிலேயே ஒரு பெண்ணால் கத்தியால் குத்தப்பட்டு மருத்துவமனையில் கிடந்த ரஸ்புடின், போரில் இறங்க வேண்டாம் என்று மன்னருக்கு எழுதினார். பாட்டில் இடம்பெறாத செய்தி இது. மன்னர் அதைக் கேட்கவில்லை. அந்த மனிதர் சொன்னதெல்லாம் நடந்தது என்னும் கதை எத்துணைப் பொய் என்பதற்கு இதுவே போதும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆடவர் படைக்குத் திரட்டப்பட்டனர். துப்பாக்கியும் குண்டும் போதாமல் முன்களத்தில் மடிந்தனர். 1915இல், அமைச்சர்கள் தடுத்தும் கேளாமல், நிக்கலஸ் படைத்தலைமையைத் தாமே ஏற்று மொகிலியோவ் பாசறைக்குச் சென்றார். தலைநகரின் நிர்வாகத்தில் பேரரசியின் கை ஓங்கியது. அவர் வழியே ரஸ்புடினின் பரிந்துரைகள் மன்னரை எட்டின. 1916 தொடக்கம் முதல் 1917 மார்ச்சு வரை நான்கு தலைமை அமைச்சர்கள் மாறினர். அரசின் செயல்கள் மடமையா, இரண்டகமா என்று 1916 நவம்பரில் நாடாளுமன்றமான டூமாவில் அதன் உறுப்பினர் மில்யுகோவ் அடுக்கடுக்காகக் கேட்டார். அதற்கு விடை சொல்லும் பொறுப்பு எந்த அமைச்சருக்கும் இல்லை. ஏனெனில் அமைச்சரை அமர்த்துவதும் நீக்குவதும் மன்னர் ஒருவரின் விருப்பமாகவே சட்டத்தில் இருந்தது. இடித்துரைக்கும் துணையற்ற அரசனைக் கெடுக்கப் பகைவர் வேண்டியதில்லை என்னும் வள்ளுவர் நெறிக்கு இதைவிடத் தெளிவான உரை இல்லை.

இனிக் கொலைக்கு வருவோம். 1916 டிசம்பர் 30ஆம் நாள் பின்னிரவில், அன்று பெட்ரோகிராட் எனப்பட்ட செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் மொய்கா ஆற்றங்கரையில் உள்ள யுசுபோவ் அரண்மனையில் ரஸ்புடின் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் புரட்சியாளர்கள் அல்லர். மன்னரின் தங்கை மகளான இளவரசியின் கணவர் பெலிக்ஸ் யுசுபோவ், மன்னரின் சிற்றப்பன் மகன் திமித்ரி, தீவிர வலதுசாரி டூமா உறுப்பினர் புரிஷ்கேவிச் ஆகியோர் அவர்களுள் முதன்மையானவர்கள். எல்லாரும் முடியாட்சியின் பற்றாளர்கள். நஞ்சு கலந்த இனிப்பைத் தின்றும் சாகவில்லை, சுட்ட பின்னும் எழுந்து வந்தார், நிலவறையிலிருந்து ஓடினார் என்னும் திகிற்கதை அவர்கள் எழுதிய நினைவுநூல்களிலிருந்து வந்தது. உடற்கூறாய்வு நடத்திய கொசரோத்தவ் கண்டது துப்பாக்கிக் குண்டுகளின் காயங்களை, அவற்றுள் நெற்றியில் பாய்ந்த ஒன்றை. நஞ்சுக்குத் தடயம் காணவில்லை என்றே அவர் தெரிவித்தார். கொலையாளிக்கு ஒரு தேவை இருந்தது: தான் கொன்றது மனிதனை அன்று, பேயை என்று உலகம் நம்ப வேண்டும். விருந்துக்கு அழைத்து ஒருவரைச் சுட்டுக் கொன்ற இழிசெயல், அப்போதுதான் வீரச்செயலாக மாறும். பாட்டு எடுத்துக்கொண்டது இந்தக் கொலையாளிகளின் வாக்குமூலத்தைத்தான். அவர்கள்மீது வழக்கு எதுவும் நடக்கவில்லை. ஒருவர் தம் பண்ணைக்கும் ஒருவர் பாரசீக எல்லைக்கும் அனுப்பப்பட்டதோடு முடிந்தது.

அந்தக் கொலையாளிகளின் கணிப்பு என்ன? இந்த ஒருவனை அகற்றினால் அரியணை பிழைக்கும் என்பது. வரலாறு அந்தக் கணிப்பைச் சோதித்துப் பார்த்தது. ரஸ்புடின் இறந்து பத்து நாள் கழித்து மீண்டும் தலைமை அமைச்சர் மாற்றப்பட்டார். ரொட்டிக்கு நின்றவர்களின் வரிசை நீண்டதேயன்றிக் குறையவில்லை. 1917 மார்ச்சு 8 அன்று பெட்ரோகிராடின் பெண்கள் தெருவில் இறங்கினர், தொழிலாளர் சேர்ந்தனர், அடக்க வந்த படைவீரரும் சேர்ந்தனர். மார்ச்சு 15 அன்று நிக்கலஸ் முடி துறந்தார். கொலைக்கும் முடிதுறப்புக்கும் இடையே 75 நாள். பழி முழுவதும் அந்த மனிதனுடையது என்றால், அவன் போன பின் ஆட்சி நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை, இன்னும் விரைந்து சரிந்தது. கொலையாளிகள் துப்பாக்கியால் செய்த பிழையைப் பாட்டு மெட்டால் செய்கிறது. இரண்டும் ஒரு பேரரசின் நோயை ஒருவன் தலையில் ஏற்றுகின்றன.

பாட்டு என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டவும் இடமில்லை. அதே வீழ்ச்சியைப் பாடிய இன்னொரு பாட்டைத் தமிழர் அறிவர். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்த பாரதியார், ஜார் முடியிழந்த செய்தி கேட்டு 'புதிய ருஷியா'வைப் பாடினார். அதில் ரஸ்புடினின் பெயர் இல்லை. அரண்மனை வம்பும் இல்லை. உழுதவன் பசித்திருந்ததும், வாய் திறந்தவன் தண்டிக்கப்பட்டதும், பொய்யர் தழைத்ததும் அதில் குற்றப்பத்திரிகையாக நிற்கின்றன. அதுவும் புராண உவமையும் பேருணர்ச்சியும் கொண்ட பாட்டுத்தான், ஆவணம் அன்று. ஆயினும் பழியை அது வைத்த இடம் சரியானது. ஒரு கவிஞர் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து கண்டுகொண்ட உண்மையை, எல்லா ஆவணங்களும் அச்சேறிய பிறகும் வணிகப் பாட்டு காணவில்லை. கலைக்குரிய உரிமை ஒன்றுதான். அந்த உரிமையைக் கொண்டு எதைத் தேடினார்கள் என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

ரஸ்புடினின் பெயரோடு பிணைந்த இன்னொரு வழக்கையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1932இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் 'ரஸ்புடின் அண்ட் தி எம்ப்ரஸ்' என்னும் திரைப்படத்தை வெளியிட்டது. அதில் ரஸ்புடினால் கெடுக்கப்படும் இளவரசியாகக் காட்டப்பட்டது தானே என்று யுசுபோவின் மனைவி ஈரீனா லண்டனில் வழக்குத் தொடுத்தார். 25,000 பவுண்டு இழப்பீடு தீர்ப்பாயிற்று; 1934இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. படத்தில் வருவோர் யாவரும் கற்பனை மாந்தரே என்னும் அறிவிப்பு திரையுலகெங்கும் பரவியதற்கு அவ்வழக்கு ஒரு பெருங்காரணம். நம் தொடர்கதைகளின் அடியிலும் திரைப்படங்களின் முகப்பிலும் நாளும் காணும் அறிவிப்பு அது. உயிரோடிருந்த இளவரசி நீதிமன்றம் ஏறினார்; மானத்தை மீட்டார். 1918 ஜூலையில் கணவரோடும் ஐந்து மக்களோடும் சுட்டுக் கொல்லப்பட்ட அலெக்சாண்ட்ரா எந்த நீதிமன்றம் ஏறுவார்? இறந்தோர்க்காக வழக்காடும் பொறுப்பு வரலாற்றைப் படிப்போரிடம் விடப்பட்டிருக்கிறது. அந்த அம்மையார் ஆட்சியில் செய்த தவறுகளுக்கு அவரைக் கடுமையாகக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். செய்யாத ஒன்றுக்காக அவரைத் தலைமுறை தலைமுறையாக ஏளனம் செய்வது அறமன்று.

அதற்காகப் பாட்டைத் தடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தடுப்பதன் பயன் என்ன என்பதற்கும் சான்று உண்டு. 1978 டிசம்பரில் போனி எம் குழு மாஸ்கோவில் நிகழ்ச்சி நடத்தியபோது, இந்த ஒரு பாட்டை மட்டும் பாட இசைவு கிடைக்கவில்லை. ஜார் ஆட்சியின் இறுதி நாள்களையும் ரஸ்புடினையும் காட்டி எலெம் கிளிமோவ் இயக்கிய 'அகோனியா' படமும் 1975இல் முடிந்தது. சோவியத் மக்கள் அதைத் திரையரங்கில் காண 1985 ஆகிவிட்டது. தன் சொந்த வரலாற்றை மக்களோடு வெளிப்படையாகப் பேச அஞ்சுகிற அரசு, அதைப் பிறர் சொல்லும் கதைக்கு விட்டுக்கொடுக்கிறது. ஜாரின் தணிக்கை வதந்தியை வளர்த்தது போலவே சோவியத் தணிக்கையும் பாட்டின் கவர்ச்சியைக் கூட்டியது. பொய்யான பாட்டுக்கு மாற்று மௌனம் ஆகாது. முழுமையான உண்மைதான் மாற்று.

அந்த முழுமையைக் கொடுக்க வேண்டியவர் யார்? முதலில் ஆசிரியர். வகுப்பில் ஒரு மாணவி ரஸ்புடின் பாட்டை முணுமுணுத்தால் அதை அடக்க வேண்டாம். யாருக்காக அவரை அரண்மனைக்குள் விட்டார்கள், அந்தக் குழந்தைக்கு என்ன நோய், அதை ஏன் மறைத்தார்கள், அவர் இறந்த பின் என்ன ஆயிற்று என்று நான்கு கேள்வி கேட்டால் போதும். பாட்டிலிருந்து 1917க்கு அவள் தானே நடந்து செல்வாள். பாடநூலின் வறண்ட பத்தியால் முடியாத ஒன்றை அந்த மெட்டு ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறது, ஆவலைத் தூண்டியிருக்கிறது. மூண்ட ஆவலுக்கு உணவிடாமல் விடுவது கல்வியின் குற்றம், பாட்டின் குற்றம் அன்று.

அடுத்து ஊடகங்கள். மேடையில் ரஸ்புடினாக ஆடிய பாபி பேரல் 2010இல் அதே டிசம்பர் 30 அன்று, ரஸ்புடின் இறந்த அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் காலமானார். இந்தத் தற்செயலை உலகச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின, இன்றும் எழுதுகின்றன. 75 நாளில் சரிந்த அரியணையைப் பற்றி அதில் ஒரு பங்கேனும் எழுதியிருந்தால் வாசகர் அறிவு எவ்வளவு வளர்ந்திருக்கும்! விந்தைச் செய்தி விற்கும் என்பது உண்மை. விற்பதை மட்டும் எழுதுவது இதழியல் ஆகாது என்பதும் உண்மை. வரலாற்று மாந்தரை வைத்துப் பாட்டும் படமும் எடுக்கும் கலைஞர்க்கும் ஒன்று சொல்வோம்: கற்பனை உங்கள் உரிமை, ஆயினும் உரையாடலைக் கற்பனை செய்வது வேறு, ஒரு பெண்ணின் நடத்தையைக் கற்பனை செய்வது வேறு.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒற்றைத் தீயவனைத் தேடும் மனப்போக்கைக் குடிமக்கள் விட வேண்டும். அது இதமான மனப்போக்கு. தீயவன் ஒருவனே என்றால், அவனை அகற்றியதும் வேலை முடிந்தது. சட்டத்தைத் திருத்த வேண்டாம், கணக்குக் கேட்க வேண்டாம், மறைப்பை எதிர்க்க வேண்டாம். ஆட்சியாளரின் காதருகே தகுதியற்ற ஒருவர் அமர்ந்திருப்பது எந்நாட்டிலும் எக்காலத்திலும் நடக்கக்கூடியது. அப்படி ஒருவர் அமரும்போது அவரைத் தட்டிக் கேட்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டா, எழுதச் செய்தித்தாளுக்கு உரிமை உண்டா, விடை சொல்ல ஆட்சியாளருக்குக் கடப்பாடு உண்டா என்பவைதான் நாட்டின் தலைவிதியை முடிவு செய்கின்றன. 1916இன் ரஷ்யாவில் இம்மூன்றும் இல்லை. அதனால்தான் ஒரு கிராமத்து அடியாரால் அத்தனை பெரிய ஆட்சியைக் கலக்க முடிந்தது. வரலாற்றுத் தீயோர் எவரைப் பற்றிக் கேட்டாலும், அவர் எத்தகையவர் என்பதோடு நிறுத்தாமல், அவரை வளரவிட்ட அமைப்பு எத்தகையது என்றும் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அப்படிக் கேட்கத் தெரிந்த மக்களை எந்தப் பாட்டும் ஏமாற்ற முடியாது. எந்த அரசும் எளிதில் ஏமாற்ற முடியாது.